நான் வைத்த விலை

ஜூலை 14, ஞாயிறு

தம்பி மூர்த்தி காலையில் வந்தான். அப்பா போய் இரண்டு மாதமாகியும் அவன் ஞாயிற்றுக்கிழமையைத் தவறவிடவில்லை. வந்ததும் வீட்டுக்குள் வருவதில்லை. நேரே கார் கொட்டகைக்குப் போவான். மைனரின் மேல் போர்த்திய ஜமுக்காளத்தை எடுத்து உதறுவான், பானட்டைத் தூக்கி எண்ணெய் பார்ப்பான், பிறகுதான் கிளப்புவான். அந்தச் சத்தம் கேட்டதும் நான் தோசைக்கல்லை அடுப்பில் வைப்பேன்.

மைனர் என்பது 1952ஆம் வருஷத்து மாரிஸ் மைனர். அப்பா வாங்கியபோது அது வண்டியே இல்லை. ஒரு டாக்டர் வீட்டுக் கொல்லையில் தரைத்தகடு ஓட்டையாகி, உள்ளே முளைத்த எருக்கஞ்செடி ஜன்னல் வழியே தலைநீட்டிக்கொண்டிருந்தது. சர்க்கரை ஆலையில் ஓய்வு பெற்றபோது வந்த பணத்தில் அதை வாங்கிக்கொண்டு வந்தார். அம்மா ஒரு வாரம் அவரோடு பேசவில்லை. அப்பாவும் மூர்த்தியும் வருஷக்கணக்காக அதைப் பிரித்துப் பிரித்துச் சேர்த்தார்கள். இப்போது உடுமலையில் அந்த வெளிர்பச்சை வண்டியைத் தெரியாதவர்கள் இல்லை.

தோசை சாப்பிட்டுக்கொண்டே மூர்த்தி பேச்சை எடுத்தான்.

"ஆடி பொறக்கப் போகுதுங்கக்கா. ஆடியில பங்கு பேச வேண்டாம். ஆவணியில வெச்சுக்கலாம்."

"வண்டிக்கா?"

"வேற என்ன இருக்குது நம்ம ரெண்டு பேருக்கும் நடுவுல? வீடு உங்களுக்குன்னு அப்பவே எழுதியாச்சு. நெலத்த வித்து நான் தேங்கா நார் மில்லுல போட்டுத் தொலைச்சாச்சு. மிச்சம் இது ஒண்ணுதான். நம்ம வழக்கப்படி நீங்க வெலை வைங்க, நான் எடுக்கறேன்."

எங்கள் குடும்பத்து வழக்கம் இது. மூத்தவர் பங்கு வைக்க வேண்டும், இளையவர் முதலில் எடுக்க வேண்டும். பிரிக்க முடியாத ஒரே பொருளாக இருந்தால் மூத்தவர் அதற்கு விலை வைப்பார். இளையவர் பொருளை எடுத்துக்கொண்டு பாதி விலையை மூத்தவருக்குக் கொடுக்கலாம். அல்லது பாதி விலையை வாங்கிக்கொண்டு பொருளை மூத்தவருக்கே விட்டுவிடலாம். எந்தப் பக்கம் போகும் என்று தெரியாததால் விலை வைப்பவர் நியாயமாக வைப்பார்.

ஆறாம் வகுப்பில் பின்னம் நடத்தும்போது இதைத்தான் உதாரணமாகச் சொல்வேன். ஒரு கடலை மிட்டாய், இரண்டு பேர். ஒருவன் உடைக்க வேண்டும், மற்றவன் எடுக்க வேண்டும். உடைக்கிறவன் எவ்வளவு கவனமாக உடைக்கிறான் என்று பிள்ளைகள் வேடிக்கை பார்ப்பார்கள்.

கண் சொட்டு மருந்து தீர்ந்துவிட்டது. மூர்த்தி போகும்போது சொல்லி அனுப்பினேன்.

ஜூலை 17, புதன்

ஆடி முதல் தேதி. காஸ் வந்தது. கோகுல் ஓசூரிலிருந்து போனில் பேசினான். "தாத்தா கார் என்ன ரேட் போகும்னு யாரையாச்சும் கேட்டியாம்மா?" என்றான். யாரைக் கேட்பது என்றேன். அவனே நெட்டில் தேடி, கோயம்புத்தூரில் பழைய கார்களுக்கு விலை மதிப்பவர் ஒருவரின் நம்பரை அனுப்பினான். பெயர் வெங்கடபதி.

ஜூலை 20, சனி

வெங்கடபதி சார் வந்தார். இன்சூரன்ஸ் சர்வேயராக இருந்து ஓய்வு பெற்றவர். எழுபத்தைந்து இருக்கும். பழைய கார் வைத்திருப்பவர்கள் சங்கத்தில் அவர் சொல்லும் விலைக்கு மறுபேச்சு இல்லையாம். மூர்த்தியையும் வரச் சொல்லியிருந்தேன். அவன் வரவில்லை. "நான் நின்னா அவரு என் மூஞ்சியப் பாத்து வெலை சொல்லுவாரு. வெலை வைக்கறவங்கதான் கேக்கோணும். அதுதான் மொறை" என்று சொல்லிவிட்டான்.

வெங்கடபதி சார் பையிலிருந்து ஒரு காந்தத்தை எடுத்துக் கைக்குட்டையில் சுற்றினார். அதை வண்டியின் உடம்பு முழுக்க ஒட்டி ஒட்டி நகர்த்திக்கொண்டே போனார். டாக்டர் நெஞ்சில் குழாய் வைப்பது போல இருந்தது.

"என்ன பார்க்கறீங்க சார்?"

"பட்டி பாக்கறனுங் டீச்சர். துருப்பிடிச்ச எடத்துல தகடு மாத்தாம, பட்டிய அப்பி பெயின்ட் அடிச்சுருவாங்க. அங்க காந்தம் புடிக்காது." கதவின் அடிப்பாகம், சக்கரத்துக்கு மேலே உள்ள வளைவு, எல்லா இடத்திலும் காந்தம் பிடித்தது. "உங்கப்பா ஒரு எடத்துலகூட ஏமாத்தலீங். உள்ள யாரு பாக்கப் போறாங்கன்னு விட்டுருவாங்க நெறையப் பேரு."

பிறகு இன்ஜின் நம்பரை ஆர்.சி. புத்தகத்தோடு ஒத்துப் பார்த்தார். தரைவிரிப்பைத் தூக்கிப் பார்த்தார். கதவுத் தூணிலிருந்து சிவப்பாக ஒரு சின்னக் கை நீளுமே, இந்தப் பக்கம் திரும்பப் போகிறேன் என்று காட்ட, அதை இரண்டு பக்கமும் போட்டுப் பார்த்துச் சின்னப் பையன் மாதிரி சிரித்தார். "இது வேலை செய்யற வண்டி இந்தப் பக்கத்துல எத்தனைன்னு வெரல் விட்டு எண்ணிரலாமுங்."

காபி குடிக்கும்போது கண்ணாடியைக் காணோம் என்று பையைக் கொட்டித் தேடினார். அது அவர் தலைமேல் இருந்தது. நான் சிரித்துவிட்டேன். அவரும் சிரித்தார். "பேரு மறக்குது, கண்ணாடி மறக்குது. வெலை மட்டும் மறக்கறதில்லீங் டீச்சர்."

"அப்ப சொல்லுங்க சார்."

"பன்னெண்டு லட்சம். கொறையாது. எழுத்துல வேணும்னா ஒரு வாரமாகும், அதுக்கு பீஸ் தனி. வாயில சொன்னா காபி போதும்."

குடும்பத்துக்குள் பேசத்தான், எழுத்து வேண்டாம் என்றேன். பஸ் ஏற்றிவிட்டு வந்தேன்.

பன்னிரண்டு. ஐந்தோ ஆறோ இருக்கும் என்று நினைத்திருந்தேன்.

ஜூலை 21, ஞாயிறு

மூர்த்தி கேட்டான். "வந்தாருங்களா அக்கா?"

வந்தார், யோசித்துச் சொல்கிறேன் என்றார் என்று சொன்னேன்.

ஏன் அப்படிச் சொன்னேன் என்று தெரியவில்லை. ஆடி முடிகிற வரை எதற்கு வீணாக அவன் மனதில் ஒரு எண்ணைப் போட வேண்டும் என்றுதான் இருக்கும்.

ஜூலை 26, வெள்ளி

இன்று அப்பாவின் கட்டிலைக் கழற்றி மாடியில் போட ஆள் வந்தது. ரப்பர் விரிப்பு, மூத்திரப் பாத்திரம் எல்லாவற்றையும் கழுவி வெயிலில் வைத்தேன். யாருக்காவது உதவும்.

நியாயம் என்றால் என்ன என்று யோசித்துக்கொண்டே கழுவினேன். மூன்று வருஷம் படுத்த படுக்கையாக இருந்த அப்பாவுக்கு நான் செய்தேன். சொல்லிக்காட்டவில்லை, பெற்ற தகப்பனுக்குச் செய்தேன். ஆனால் மூர்த்தி என்ன செய்தான்? ஞாயிற்றுக்கிழமை வருவான். அப்பாவைக் குழந்தை மாதிரி தூக்கி மைனரில் உட்கார வைத்து அமராவதி அணை வரை ஓட்டிக்கொண்டு போவான். திரும்பி வரும்போது அப்பாவின் முகம் மலர்ந்திருக்கும். நான் சோறு ஊட்டும்போது அந்த முகம் எனக்கு வந்ததில்லை. ஆறு நாள் நான் கழுவினேன், ஏழாம் நாள் அவன் ஓட்டினான்.

ஒரு தேர்வில் ஒரு மாணவன் ஆறு கேள்விக்கு விடை எழுதுகிறான், இன்னொருவன் ஒரு கேள்விக்கு எழுதுகிறான். இருவருக்கும் சம மதிப்பெண் போட்டால் அது திருத்துவதா?

கோகுல் போனில் இதையேதான் வேறு மாதிரி சொன்னான். "மாமாகிட்ட ஃபுல் ரேட் சொல்லியே ஆகணும்னு சட்டமா இருக்கு? நீ எவ்வளவு வெச்சாலும் அவரு பணத்தத்தான் எடுப்பாரு. அவருகிட்ட வண்டிய வாங்கப் பணம் ஏது?" அவனைத் திட்டினேன். இனிமேல் இந்தப் பேச்சு வேண்டாம் என்று சொல்லிவிட்டேன்.

திட்டிவிட்டுக் கணக்குப் போட்டுப் பார்த்தேன்.

ஆகஸ்ட் 3, சனி

ஆடிப்பெருக்கு. தேங்காய்ச் சாதம் செய்தேன். மூர்த்தியின் மனைவி ருக்மணி வந்து வாங்கிப்போனாள். வாடகை வீட்டில் மறுபடி தண்ணீர்க் கஷ்டமாம்.

ஆகஸ்ட் 18, ஞாயிறு

ஆவணி பிறந்துவிட்டது. மூர்த்தியும் ருக்மணியும் வந்தார்கள். ருக்மணி வெற்றிலை பாக்கு, பழம் எல்லாம் தட்டில் வைத்துக் கொண்டுவந்திருந்தாள். அவர்களுக்கு இது சடங்கு. அப்பா படத்துக்கு முன்னால் உட்கார்ந்தோம்.

"சொல்லுங்கக்கா" என்றான் மூர்த்தி.

"அஞ்சு லட்சம்."

ருக்மணி அவனைப் பார்த்தாள்.

"வெங்கடபதி சார் சொன்னதுங்களா?" என்றான்.

"ஆமாம்" என்றேன்.

"கம்மியா இருக்கேன்னு பாத்தேன். நமக்கு என்ன தெரியும்? விக்கோணும்னு நெனச்சிருந்தாத்தானே வெலை விசாரிச்சிருப்போம்." பிறகு சிரித்துக்கொண்டே ருக்மணியிடம் சொன்னான். "எங்கக்கா கணக்கு டீச்சர். பரிச்சைல அரை மார்க்கு சேத்துப் போட மாட்டாங்க, கொறைச்சும் போட மாட்டாங்க. எனக்கே ஒருதரம் பெயில் போட்டாங்க."

"அது நீ எழுதின லட்சணம்" என்றேன். எல்லோரும் சிரித்தோம்.

ஒரு வாரம் அவகாசம் கேட்டான். எதை எடுக்கப் போகிறான் என்பது தெரிந்ததுதான். இரண்டரை லட்சம் கொடுத்தால் நார் மில் கடனில் கொஞ்சம் அடைப்பான். வண்டியை நான் அப்புறம் விற்றாலும் விற்கலாம், வைத்துக்கொண்டாலும் வைத்துக்கொள்ளலாம். வண்டி போய்விடாது, அவன் ஞாயிற்றுக்கிழமை வந்து கிளப்பிக்கொள்ளட்டும். யாருக்கும் நஷ்டமில்லை.

இரவு சாப்பாடு இறங்கவில்லை. மதியம் வாழைக்காய் வறுவல் அதிகம் சாப்பிட்டதால் இருக்கும்.

ஆகஸ்ட் 25, ஞாயிறு

வண்டியை எடுத்துக்கொண்டான்.

ஜவுளிக்கடைப் பையில் பணத்தைக் கொண்டுவந்து அப்பா படத்துக்கு முன்னால் வைத்தான். "எண்ணிப் பாருங்கக்கா" என்றான். நான் பையைத் தொடவில்லை.

"மூர்த்தி, உனக்கு இருக்கற கடனுக்கு..."

"அதாங்க்கா நானும் நெனச்சேன். அப்பா இருக்கறப்பவே பலபேரு வாய்க்கு வந்தபடி சொல்லிப் பயமுறுத்துனாங்க, பத்துக்கு மேல போகும், உன்னால கனவுலகூடத் தொட முடியாதுன்னு. மனசத் தேத்திக்கிட்டுத்தான் இருந்தேன். நீங்க அஞ்சுன்னு சொன்னதும் எனக்கு மூச்சே நின்னு போச்சு. அஞ்சுன்னா எட்டிப் புடிச்சர்லாமே! ருக்கு மொதல்ல சொன்னா, எடுத்துக்கோங்கன்னு."

அப்போதுதான் ருக்மணியின் கழுத்தைப் பார்த்தேன். தாலிக்கொடி இல்லை. மஞ்சள் கயிறு இருந்தது. நான் பார்த்ததைப் பார்த்து அவள் சேலைத் தலைப்பை இழுத்துவிட்டுக்கொண்டாள். "சும்மா அடகுதானுங்க அண்ணி, மூட்டிக்கலாம்" என்றாள்.

தெருவில் ஆளே இல்லை. ஆனாலும் திரும்பும்போது மூர்த்தி அந்தச் சிவப்புக் கையை நீட்டித்தான் திரும்பினான்.

ஆகஸ்ட் 26, திங்கள்

கொட்டகை காலி. தரையில் எண்ணெய்க் கறை மட்டும் இருக்கிறது. பினாயில் போட்டுத் தேய்த்தேன். போகவில்லை.

ஆகஸ்ட் 29, வியாழன்

கடலை மிட்டாயைப் பற்றி நினைத்துக்கொண்டிருக்கிறேன். முப்பது வருஷத்துக்கும் மேலாகச் சொன்ன உதாரணம். அதில் உடைப்பவனும் எடுப்பவனும் மிட்டாயைக் கண்ணால் பார்க்கிறார்கள். ஒருவன் கண்ணைக் கட்டிவிட்டு மற்றவன் உடைத்தால் அது என்ன கணக்கு என்று எந்தப் பிள்ளையும் கேட்டதில்லை. கேட்டிருந்தால் நான் என்ன சொல்லியிருப்பேன்?

பன்னிரண்டு என்று சொல்லியிருந்தால் அவன் ஆறு லட்சத்துக்குப் போயிருக்க முடியாது. பணத்தைத்தான் எடுத்திருப்பான். வண்டி எனக்கு வந்திருக்கும். விலையைக் குறைத்ததால்தான் அது அவன் கைக்கு எட்டியது. ஒரு கணக்கு டீச்சருக்கு இது தோன்றவில்லை. கோகுலிடம் சொன்னேன். "என்னம்மா இப்படிச் சொதப்பிட்ட!" என்றான். நான் கோபத்தில் போனை வைத்தேன். ஆனால் கொஞ்ச நேரம் எனக்கும் வருத்தம் அதைப் பற்றித்தான் இருந்தது, சொன்ன பொய்யைப் பற்றி இல்லை. இதை எழுதும்போதுதான் தெரிகிறது.

செப்டம்பர் 8, ஞாயிறு

பிள்ளையார் சதுர்த்திக் கொழுக்கட்டை மிச்சம் இருந்தது. மூர்த்திக்குச் சூடு பண்ணி வைத்தேன். அவன் தொடவில்லை. உட்காரக்கூட இல்லை.

நேற்று கோயம்புத்தூரில் பழைய கார்களின் கூட்டம் நடந்திருக்கிறது. மைனரை ஓட்டிக்கொண்டு போயிருக்கிறான். அங்கே ஒரு மில் முதலாளி வண்டியைச் சுற்றிச் சுற்றி வந்து, பன்னிரண்டு லட்சம் தருகிறேன், இப்போதே அட்வான்ஸ் வாங்கிக்கொள் என்றாராம்.

"எனக்குக் கையி கால் ஓடுலீங்கக்கா. விக்கற வண்டி இல்லீங்கன்னு சொல்லிட்டு ஓரமா வந்து நின்னுட்டேன். அப்புறந்தான் உறைச்சுது. உங்கள ஏமாத்திட்டானுங்கக்கா அந்த ஆளு!"

"எந்த ஆளு?"

"அந்த வெங்கடபதிதான்! வயசான பொம்பள, தனியா இருக்காங்க, வண்டியப் பத்தி என்ன தெரியும்னு கம்மியாச் சொல்லிருக்கான். அப்புறம் அவனே யாராச்சும் பார்ட்டிய அனுப்பி அடிமாட்டு வெலைக்கு வாங்கலாம்னு பிளானு. என்ன நெஞ்சழுத்தம் பாருங்க!"

நான் கொழுக்கட்டைத் தட்டைப் பிடித்துக்கொண்டு நின்றேன். "அப்படியெல்லாம் இருக்காதுடா" என்றேன். அது என் வாயிலிருந்து முணுமுணுப்பாகத்தான் வந்தது.

"உங்களுக்கு எல்லாரும் நல்லவங்கதான். நேத்தே அந்தப் பழைய கார்க்காரங்க குரூப்புல போட்டுட்டேன், வாட்ஸ்ஆப்புல. இன்னார் இப்படிப் பண்ணுனாரு, ஆரும் இவரு பேச்ச நம்பாதீங்கன்னு. பேரோட போட்டேன்."

பிறகு குரலைத் தாழ்த்திக்கொண்டான். எங்கள் இருவரையும் தவிர வீட்டில் யாரும் இல்லை, ஆனாலும் தாழ்த்தினான். "பன்னெண்டுன்னா உங்க பங்கு ஆறு. நான் குடுத்தது ரெண்டரைதான். பாக்கி மூணரை உங்களுக்குச் சேர வேண்டியது. ஒரேடியா முடியாதுங்கக்கா. மாசாமாசம் குடுத்தர்றேன். உங்க வயித்துல அடிச்சு அந்த வண்டிய ஓட்ட எனக்கு மனசு வராது."

வேண்டாம் என்றேன். அவன் கேட்கவில்லை. இந்த மாதத்துக்கு என்று ஐயாயிரத்தை டிவி மேல் வைத்துவிட்டுப் போனான்.

அது அங்கேயே இருக்கிறது. டிவி போடவில்லை.

செப்டம்பர் 10, செவ்வாய்

வெங்கடபதி சார் போன் செய்தார்.

திட்டுவார் என்று நினைத்தேன். திட்டியிருந்தால் நன்றாக இருந்திருக்கும்.

"டீச்சர், தொந்தரவுக்கு மன்னிக்கோணுமுங். அன்னைக்கு நான் அஞ்சுன்னுங்களா சொன்னேன்?"

அவரே தொடர்ந்தார்.

"குரூப்புல உங்க தம்பி போட்டிருந்தாரு. அவரு மேல தப்பு சொல்லுலீங். வண்டி எனக்கு நல்லா ஞாபகம் இருக்குதுங். காந்தம் எல்லா எடத்துலயும் புடிச்சுது. பன்னெண்டுன்னு சொன்ன மாதிரித்தான் எனக்கு நெனப்பு. ஆனா நீங்க ஒரு டீச்சரு, அஞ்சுன்னு கேட்டிருக்கீங்கன்னா நான் அஞ்சுன்னுதான சொல்லியிருக்கோணும்? வீட்டுல முன்னாடியே சொல்றாங்க, உங்களுக்கு மறதி வந்துருச்சு, இதெல்லாம் விட்டுருங்கன்னு. வெலை மட்டும் மறக்காதுன்னு நான்தான் வீம்பு பேசிட்டு இருந்தேன்."

வருஷா வருஷம் டிசம்பரில் நடக்கும் கண்காட்சியில் அவர்தான் நடுவராம். இந்த முறை வேண்டாம் என்று சங்கத்தில் சொல்லிவிட்டார்களாம். "அது பரவாயில்லீங். நான் கேக்கறது ஒண்ணுதான். நான் அஞ்சுன்னு சொன்னனுங்களா? தெரிஞ்சா டாக்டர்கிட்டச் சொல்லலாம்னுதான்."

இங்கே நான் சொன்ன பதிலை எழுதியாக வேண்டும்.

"எனக்கும் சரியா ஞாபகம் இல்லைங்க சார்" என்று சொன்னேன்.

"சரிங் டீச்சர். ஒடம்பப் பாத்துக்கோங்" என்று வைத்துவிட்டார்.

செப்டம்பர் 11, புதன்

ஒரு பிள்ளை சரியாகப் போட்ட கணக்கைத் தப்பு என்று அடித்துவிட்டால், அந்தப் பிள்ளை அடுத்த கணக்கையும் பயந்து பயந்து தப்பாகப் போடும். அதனால் சிவப்பு மசியைத் தொடும் முன் இரண்டு முறை பார் என்று புதிதாக வந்த டீச்சர்களுக்குச் சொல்வேன். நான் ஒரு மனிதரின் தலைக்குள்ளேயே போய் அடித்துவிட்டு வந்திருக்கிறேன்.

செப்டம்பர் 12, வியாழன்

கோகுலிடம் சொன்னேன். "விடும்மா. வாட்ஸ்ஆப்ல வர்றதெல்லாம் ரெண்டு நாள் பேசுவாங்க, மறந்துருவாங்க. நீ போய்ச் சொன்னா மாமா காலத்துக்கும் மறக்க மாட்டாரு" என்றான். இரண்டும் உண்மைதான். அன்று அவன் அந்தப் பேச்சை எடுத்தபோது திட்டினேனே தவிர, நான் மனதார மறுக்கவில்லை என்பதும் உண்மை. அவனைக் குறை சொல்ல எனக்கு வாய் இல்லை.

மூர்த்திக்குப் போன் செய்து, ஞாயிற்றுக்கிழமை என்னைக் கோயம்புத்தூருக்கு அழைத்துப் போகிறாயா, வெங்கடபதி சாரைப் பார்க்க வேண்டும் என்றேன்.

"நேர்ல போயி நாக்கப் புடுங்கற மாதிரிக் கேக்கலாமுங்கக்கா. நானும் அதத்தான் நெனச்சேன்" என்றான்.

செப்டம்பர் 15, ஞாயிறு

மைனரில் போனோம். முன் சீட்டில் அவன் பக்கத்தில் உட்கார்ந்தேன். அப்பா உட்கார்ந்த இடம். மடியில் ஜவுளிக்கடைப் பை. அவன் கொடுத்த இரண்டரை லட்சமும் டிவி மேலிருந்த ஐயாயிரமும் அதில் இருந்தன. மருந்துச் சீட்டு என்று அவன் நினைத்திருப்பான்.

வழி நெடுகச் சொல்லிவிட வேண்டும் என்றிருந்தேன். பொள்ளாச்சியில் சொல்லலாம், கிணத்துக்கடவில் சொல்லலாம் என்று தள்ளிக்கொண்டே போனேன். அவன் உற்சாகமாக ஓட்டினான். லாரிக்காரர்கள் எல்லாம் கையசைத்தார்கள். "பாருங்கக்கா, ராஜா வீட்டு ஊர்வலம் மாதிரி இருக்குது!" என்றான்.

வெங்கடபதி சார் வாசலுக்கே வந்துவிட்டார். சட்டையைப் பொத்தான் மாற்றிப் போட்டிருந்தார். மூர்த்தி சண்டைக்குத் தயாராக வந்தவன், அவரைப் பார்த்ததும் கொஞ்சம் தயங்கினான். நாங்கள் உட்காரும் முன்பே அவர் கை கூப்பிவிட்டார்.

"தம்பி, நான் அஞ்சுன்னுதான் சொல்லியிருக்கேன். யோசிச்சுப் பாத்தேன். தப்பு என்னோடதுதான். ஏமாத்தோணும்னு இல்லீங், மறதி. நீங்க குரூப்புல போட்டது சரிதான்."

நான் வாயைத் திறக்காமலே இருந்திருந்தால் எல்லாம் அங்கேயே முடிந்திருக்கும். அவர் ஒப்புக்கொண்டுவிட்டார். மூர்த்திக்குக் கோபம் இறங்கிவிட்டது. அவன் முகத்தில் தெரிந்தது. "சரி விடுங்க சார், வயசாச்சு" என்று சொல்லவே ஆரம்பித்துவிட்டான்.

"சார் பன்னெண்டுன்னுதான் சொன்னார்" என்றேன்.

இருவரும் என்னைப் பார்த்தார்கள்.

"பன்னெண்டு, கொறையாதுன்னு சொன்னார். நான்தான் அஞ்சுன்னு உன்கிட்டச் சொன்னேன், மூர்த்தி. நீ பணத்தத்தான் எடுப்பேன்னு நெனச்சேன். சார், உங்களுக்கு மறதி இல்லை. நீங்க போன்ல கேட்டப்பவும் எனக்கு நல்லா ஞாபகம் இருந்துச்சு."

வெங்கடபதி சார் நாற்காலியில் மெதுவாக உட்கார்ந்தார். கோபப்படுவார் என்று பார்த்தேன். அவர் உள்ளே திரும்பி மனைவிக்குக் குரல் கொடுத்தார். "ஏனுங்கம்மா, கேட்டுதா? பன்னெண்டுதானாம்! நான் சரியாத்தான் சொல்லியிருக்கேன்!" கைக்குட்டையை எடுத்துக் கண்ணாடியைத் துடைத்தார். துடைத்துக்கொண்டே இருந்தார்.

மூர்த்தி என்னைப் பார்க்காமல் போனை எடுத்தான். "குரூப்புல என்னன்னு போடறது?"

"நடந்ததைப் போடு."

"விலை சொன்னதுல எங்க குடும்பத்துல ஒரு குழப்பம்னு போடறேன்."

"குழப்பம் இல்லை. வெங்கடபதி சார் சரியான விலை சொன்னார், என் அக்கா மரகதம் டீச்சர் என்னிடம் பொய் சொன்னார்னு போடு. பேரோட போடு."

அவன் ஒவ்வொரு எழுத்தாகத் தட்டினான். பிறகு போட்டான். அந்தக் குரூப்பில் என் மாணவர்களும் இருப்பார்கள்.

பையைத் திறந்து பணத்தை அவன் பக்கம் தள்ளினேன். "ருக்மணி கொடியை அடகிலிருந்து மூட்டு. வண்டியும் உன்கிட்டவே இருக்கட்டும்."

"வேண்டாம்" என்றான். "நீங்க வெலை வெச்சீங்க. நான் எடுத்தேன். அதுக்கு மேல ஒத்தப் பைசா வாங்கவும் மாட்டேன், குடுக்கவும் மாட்டேன்." ஐயாயிரத்தை மட்டும் தனியே எடுத்துச் சட்டைப் பையில் வைத்துக்கொண்டான்.

திரும்பும்போது நானாகவே பின் சீட்டில் ஏறிக்கொண்டேன். வீட்டு வாசலில் மூர்த்தி இறக்கிவிட்டான். இன்ஜினை அணைக்கவில்லை.

செப்டம்பர் 18, புதன்

பள்ளியில் கூட வேலை பார்த்த சுலோச்சனா போன் செய்து, என்னமோ கேள்விப்பட்டேனே, நிஜமா என்றாள். நிஜம்தான் என்றேன்.

வெங்கடபதி சாரைக் கண்காட்சிக்கு மறுபடி கூப்பிட்டிருக்கிறார்களாம். அவரே சொன்னார். என்னிடம் எப்படி அவரால் சாதாரணமாகப் பேச முடிகிறது?

செப்டம்பர் 22, ஞாயிறு

மாவு அரைத்து வைத்திருந்தேன். மூர்த்தி வரவில்லை.

கொட்டகைதான் காலியாயிற்றே, வந்து எதைக் கிளப்புவான் என்று சமாதானம் சொல்லிக்கொண்டேன். ஆனால் வண்டி போன பிறகும் அவன் வந்தான். டிவி மேல் பணம் வைத்தானே, அன்று வந்தது என்னைப் பார்க்கத்தான்.

செப்டம்பர் 25, புதன்

இன்று கண் ஆஸ்பத்திரியில் பரிசோதனைக்கு வரச் சொல்லியிருந்தார்கள். அப்பா இருந்தபோதே குறித்த நாள். நான் கூட்டிட்டுப் போறேன் என்று அப்போது மூர்த்தி சொல்லியிருந்தான். அவன் வருவான் என்று நான் நினைக்கவில்லை. குடையும் சீட்டும் எடுத்துக்கொண்டு பஸ்ஸுக்குக் கிளம்பினேன். கதவைப் பூட்டும்போது தெருவில் அந்தச் சத்தம் கேட்டது.

வாசலில் மைனர் நின்றது. மூர்த்தி இறங்கவில்லை. ஸ்டீயரிங்கைப் பிடித்துக்கொண்டு நேரே தெருவைப் பார்த்துக்கொண்டிருந்தான். "ஏறுங்க" என்று சொல்லவில்லை. ஹாரன் அடிக்கவும் இல்லை. நின்றான், அவ்வளவுதான்.

முன்னெல்லாம் உள்ளிருந்தபடியே எட்டி முன் கதவைத் திறந்துவிடுவான். இன்று எந்தக் கதவையும் திறக்கவில்லை. முன்னாலும் கதவு இருந்தது, பின்னாலும் இருந்தது. எடுக்க வேண்டியவள் நான். குடையோடு நின்று இரண்டையும் பார்த்தேன்.

பின் கதவைத் திறந்து ஏறினேன். சாத்தினேன். சரியாகச் சேரவில்லை.

"பலமாச் சாத்துங்க" என்றான் மூர்த்தி, கண்ணாடியில் என்னைப் பார்க்காமல். "அந்தக் கதவு ஒட்டாது."

மறுபடி திறந்து பலமாகச் சாத்தினேன். சிவப்புக் கையை நீட்டினான். வண்டி திரும்பியது.